பனி மூடிய நாட்டை விண்ணிலிருந்து படம் பிடித்தால்: கேள்வி பதில்

2010 ஜனவரி 7 அன்று நாசாவின் டெர்ரா செயற்கைக்கோள் எடுத்த படத்தில் பிரிட்டன் தீவு ஏறக்குறைய முழுவதும் வெள்ளையாக இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரு தெரியவில்லை. இவ்வளவுதான் நுணுக்கமா?

அந்தக் கருவிக்கு இவ்வளவுதான். அதன் பெயர் மோடிஸ். அந்தப் படத்தை எடுத்தபோது 705 கிலோமீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு 2,330 கிலோமீட்டர் அகலத்தை ஒரே வீச்சில் பார்த்தது. அதனால் ஒரு பிக்சல் என்பது தரையில் 250 மீட்டருக்கு 250 மீட்டர், அதாவது சுமார் 15 ஏக்கர். அதற்குள் இருக்கும் வீடு, தெரு, வயல், பனி எல்லாம் கலந்து ஒரே நிறமாகிவிடும்.

ஆனாலும் லண்டன், பர்மிங்காம், மான்செஸ்டர் இருக்கும் இடங்களைத் தேடிப் பாருங்கள். வெள்ளைக்கு நடுவே சாம்பல் திட்டுகளாகத் தெரியும். வழித்து ஒதுக்கிய சாலைகளும் கட்டடச் சுவர்களும் பனியோடு கலந்து வரும் நிறம் அது. தெரு தெரியாவிட்டாலும் ஊர் தெரிகிறது.

கேள்வி: அப்படியானால் தெருவே தெரியும் படம் எது? கால்தடம் தெரியுமா?

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் பிக்சல் 10 மீட்டர். அரை கிரவுண்டுக்கும் குறைவு. பெரிய சாலை, ஓடுபாதை, வயல் வரப்பு எல்லாம் தெரியும். 2014இல் ஏவப்பட்ட வேர்ல்ட்வியூ-3 என்ற வணிகச் செயற்கைக்கோள் 31 சென்டிமீட்டர் வரை போகும். அதில் காரும், பனியில் வண்டி போன தடமும் தெரியும். மனிதர் ஒரு புள்ளி. கால்தடம் தெரியாது.

கேள்வி: பனியும் வெள்ளை, மேகமும் வெள்ளை. எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?

இந்தத் துறையின் உயிரே இந்தக் கேள்விதான். கண்ணால் பார்க்கும்போது முதலில் ஆற்றைத் தேடுங்கள். பனி மூடிய நிலத்தில் ஆறு, ஏரி, பள்ளத்தாக்கு எல்லாம் கருப்புக் கோடுகளாகக் கிளை பிரிந்து தெரியும். மேகம் அவற்றை மறைத்துவிடும். மறுநாள் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். மேகம் நகர்ந்திருக்கும், பனி அங்கேயே இருக்கும்.

கணினிக்கு வேறு வழி உண்டு. கண்ணுக்குத் தெரியாத குறுஅலை அகச்சிவப்பில், 1.6 மைக்ரான் அலைநீளத்தின் பக்கம், பனித்துகள் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். தாழ்வான மேகத்திலோ இருப்பவை நுண்ணிய நீர்த்துளிகள். அவை அதே ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே பச்சை ஒளியில் பளிச்சென்றும் இந்த அலைநீளத்தில் இருண்டும் இருந்தால் அது பனி. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து ஒரு குறியீடு கணக்கிடுவார்கள். 0.4ஐத் தாண்டினால் பனி என்று எடுத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம்.

உயரத்தில் மிதக்கும் மெல்லிய மேகங்கள்தான் தொல்லை. அவற்றில் இருப்பதும் பனித்துகள்களே என்பதால் கணினியும் ஏமாறும். அங்கே வெப்பநிலை போன்ற வேறு சோதனைகளும் வேண்டும்.

கேள்வி: பழைய படங்களில் பனி வெறும் வெள்ளைத் தாளாக இருக்கிறதே?

பிக்சலின் அளவு மட்டும் நுணுக்கம் ஆகாது, ஒளியை எத்தனை படிகளாகப் பிரிக்கிறது என்பதும் சேர்ந்ததுதான். அமெரிக்காவின் லேண்ட்சாட்-7 செயற்கைக்கோளுக்கு இருந்தவை 256 படிகள்தான். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்புவதால் கருவி பல இடங்களில் உச்சத்தில் முட்டி நின்றுவிட்டது. அப்புறம் மேடு பள்ளம் எங்கே தெரியும்? லேண்ட்சாட்-8க்கு 4,096 படிகள், லேண்ட்சாட்-9க்கு 16,384. பனிமேட்டின் நிழலும் காற்று அடித்துச் சேர்த்த வரிகளும் இப்போது பிடிபடுகின்றன.

கேள்வி: காடுகள் மட்டும் ஏன் கருப்பு? அங்கே பனி பெய்யவில்லையா?

பெய்திருக்கும். ஊசியிலை மரங்களின் அடியில் கிடப்பது மேலிருந்து தெரியாது. கிளையில் தங்கியதும் சீக்கிரம் உதிர்ந்துவிடும். வடக்கு இங்கிலாந்தின் கீல்டர் காடு இதற்கு நல்ல உதாரணம்.

கேள்வி: பனியின் ஆழத்தை அளக்க முடியுமா?

சாதாரணப் படத்தில் முடியாது. ஓரளவு மூடிய பிறகு 10 சென்டிமீட்டரும் ஒரு மீட்டரும் ஒரே வெள்ளைதான். தரையிலிருந்து இயல்பாக வரும் நுண்ணலைகளைப் பனி சிதறடிக்கும். எவ்வளவு குறைந்து வருகிறது என்பதை வைத்து ஆழத்தை மதிப்பிடுவார்கள். ஆனால் அங்கே ஒரு கட்டமே 25 கிலோமீட்டர். பனி ஈரமானாலோ ஒரு மீட்டருக்கு மேல் போனாலோ கணக்கு தடுமாறும். மலைகளில் பிளேயாட் செயற்கைக்கோளின் இரு கோணங்களில் எடுத்த இரட்டைப் படங்களைக் கொண்டு மேற்பரப்பின் உயரத்தை அளந்து, கோடையின் உயரத்தைக் குளிர்காலத்தின் உயரத்திலிருந்து கழிப்பதும் உண்டு.

கேள்வி: 31 சென்டிமீட்டர் இருக்கும்போது 250 மீட்டர் படத்தை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்?

பனி ஒரே பகலில் உருகிவிடும். டெர்ரா தினமும் வரும். லேண்ட்சாட் ஒன்று அதே இடத்துக்குத் திரும்ப 16 நாள் ஆகும், அன்று மேகம் இருந்தால் அதுவும் போச்சு. பனி விஷயத்தில் அடிக்கடி பார்ப்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1960 ஏப்ரலிலேயே டைரோஸ்-1 என்ற வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பிய மங்கலான படங்களில் கிழக்குக் கனடாவின் பனியை அடையாளம் கண்டார்கள். 1966 முதல் அமெரிக்காவில் வாரந்தோறும் பனி வரைபடம் போட்டார்கள். அப்போது ஒரு கட்டம் சுமார் 190 கிலோமீட்டர். அந்த முரட்டு வரைபடங்களை விடாமல் தொடர்ந்ததால்தான் வடகோளத்தில் வசந்தகாலப் பனிப்பரப்பு சுருங்கிவருவதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

கேள்வி: நானே பார்க்க வேண்டுமானால்?

நாசாவின் வேர்ல்ட்வியூ தளம் இலவசம். (மேலே சொன்ன வணிகச் செயற்கைக்கோளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) தேதியை 2010 ஜனவரி 7 என்று வையுங்கள், டெர்ரா மோடிஸ் படத்தில் 7-2-1 ஒளிப்பட்டைகளை (அகச்சிவப்பும் சேர்ந்த நிறக்கலவை) தேர்ந்தெடுங்கள். பனி வெளிர்நீலமாகவும் தாழ்வான மேகம் வெள்ளையாகவும் பிரிந்து நிற்கும். இங்கிலாந்தைப் பார்த்து முடித்ததும் ஸ்காட்லாந்து பக்கம் போங்கள். ஜனவரிச் சூரியன் தாழ்ந்திருப்பதால் மலைநிழல்கள் அங்கே நன்றாக விழுந்திருக்கும்.