சில்வர் ஓக்கில் வெந்நீர்த் தொட்டி கட்டலாமா?

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வீடு வைத்திருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: “தோட்டத்தில் வெட்டிய சில்வர் ஓக் பலகை நிறையக் கிடக்கிறது. அதில் ஐந்தடி வட்டத்துக்கு வெந்நீர்த் தொட்டி கட்டலாமா? ஒழுகாமல் இருக்க உள்ளே ஃபைபர் பூசிவிடலாம் என்கிறார் ஆசாரி. சனி, ஞாயிறு மட்டும்தான் அங்கே தங்குவோம்.”

இரண்டுமே வேண்டாம். சில்வர் ஓக் காப்பிக்கு நிழல், மிளகுக்கொடிக்குப் பிடிமானம். ஆனால் ஓயாத ஈரத்தில் சீக்கிரம் அழுகிவிடும். தேக்கு வாங்குங்கள், அதிலும் வைரம் பாய்ந்த பகுதி மட்டும். ஓரத்தில் விரலகலம் வெள்ளை இருந்தாலும் சீவி எடுத்துவிடச் சொல்லுங்கள், அழுகல் அங்கேதான் தொடங்கும். வேங்கையும் உறுதிதான், ஆனால் தண்ணீரில் சாயம் இறங்கும்.

ஃபைபர் விஷயத்துக்கு வருவோம். தண்ணீர் பட்டால் பலகை விரியும், பூச்சு அந்த அளவுக்கு விரியாது. ஓரிடத்தில் வெடித்தாலும் பின்னால் ஈரம் தங்கி, மரம் கண்ணுக்குத் தெரியாமல் அழுகும். பூச்சே தேவையில்லை. ஊறி உப்பும் பலகைகளை வெளியே சுற்றிய உலோகப் பட்டை விடாமல் இறுக்கும்போது இடுக்குகள் தானாக அடைபடும். மாட்டுவண்டிச் சக்கரத்தை இரும்புப் பட்டா பிடித்து நிறுத்துவது போலத்தான். அதனால் பலகை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்துக்கு உப்ப இடமே இருக்காது.

ஒன்றரை அங்குலத் தடிமனில், ஐந்தேகால் அங்குல அகலத்தில் 36 பலகைகள் போதும். ஒவ்வொன்றின் இரு ஓரத்தையும் 5 டிகிரி சாய்த்து இழைத்தால் வட்டம் கூடிவிடும். பலகையின் எண்ணிக்கையை மாற்றினால் 180-ஐ அதால் வகுத்துக்கொள்ளுங்கள். பட்டையும் போல்ட்டும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதா இரும்பு பட்டால் தேக்கு கறுத்துவிடும். முதலில் நிரப்பும்போது ஒழுகும், பதறாதீர்கள். சில நாள் விடாமல் ஊற்றி வந்தால் நின்றுவிடும்.

மூன்றடி ஆழத்துக்கு 1,600 லிட்டர், அதாவது 1.6 டன், ஆட்கள் எடை தனி. பால்கனியில் வைக்கவே கூடாது. சரிவில் மண் கொட்டி நிரவிய இடமும் வேண்டாம், கெட்டித் தரையில் கான்கிரீட் போடுங்கள். அடிப்பலகைக்குக் கீழே குறுக்குக் கட்டைகள் வைத்து எடையை அவற்றில் இறக்குங்கள். சுற்றுப் பலகைகளின் அடி தரையைத் தொடக் கூடாது.

அப்புறம் சூடு. 18 டிகிரித் தண்ணீரை 40-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 41 யூனிட் மின்சாரம் ஆகும். 3 கிலோவாட் ஹீட்டருக்குப் பதினான்கு மணி நேரம். விறகு அடுப்பே மேல். அதைத் தொட்டிக்கு வெளியே வைத்து இரண்டு குழாயால் இணைத்தால், கீழ்க்குழாயில் குளிர்நீர் அடுப்புக்கு இறங்கி மேல்குழாயில் சுடுநீர் தொட்டிக்குத் திரும்பும், பம்பு தேவையில்லை. மேல்குழாய் மூழ்கும்வரை தண்ணீர் நிரம்பிய பிறகே நெருப்பு மூட்டுங்கள். 40 டிகிரிக்கு மேல் போகவிடாதீர்கள். கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

ஞாயிறு மாலை சேலத்துக்கு இறங்கும்போது தொட்டியைக் காலி செய்துவிடாதீர்கள். காய்ந்தால் பலகை சுருங்கி மறுபடி ஒழுகும். குளித்த தண்ணீரை மாற்றி, புதிதாக நிரப்பி, கொசு நுழையாதபடி இறுக்கமாக மூடிவிட்டுக் கிளம்புங்கள்.