இலவசமாக நடத்தித் தருகிறேன் என்பவரிடம் பிள்ளைகளை விடலாமா?

கேள்வி: மதுரையில் எங்கள் குடியிருப்போர் சங்கம் தை மாதம் கைவினைச் சந்தை நடத்துகிறது. பிள்ளைகளுக்கென்று தனிப் பந்தல் போட்டு எல்லாவற்றையும் இலவசமாக வைக்க ஆசை. ஒருவர் வந்து, "நீங்கள் பத்து பைசா தர வேண்டாம், களிமண், மருதாணி, கையச்சு எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். ஒப்படைக்கலாமா?

பதில்: வேண்டாம். பந்தல் வாசலில் அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்பார். பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி, அப்பாவின் கைபேசி எண் எல்லாம் அதில் எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே விடுவார். அந்த நோட்டை விற்பதுதான் அவருடைய வருமானமே. சில வருடங்களுக்கு முன் ஒரு சந்தையில் பிள்ளைகளுக்கு ஓலைக் காற்றாடி செய்யக் கற்றுக் கொடுத்தேன். அடுத்த வாரமே அந்தப் பெற்றோர்கள் எனக்குப் போன் செய்து, "டியூஷன் சென்டரிலிருந்து ஓயாமல் கூப்பிடுகிறார்கள், எங்கள் எண்ணை நீங்களா கொடுத்தீர்கள்?" என்று கேட்டார்கள். எனக்குத் தலைகுனிவாகிவிட்டது. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைப் பெற்றோர் சம்மதத்தோடுதான் கையாள வேண்டும் என்று 2023-இலேயே சட்டம் போட்டார்கள். அதை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்குள் இந்த நோட்டுகள் எத்தனை கை மாறுமோ! நீங்கள் நோட்டே வைக்காதீர்கள். சின்னப் பிள்ளை தொலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தால், பெற்றோரை அருகிலேயே உட்காரச் சொல்லுங்கள்.

அடுத்து மருதாணி. இலைப் பொடியில் குழைத்த கோனைப் பிதுக்கினால் பச்சை கலந்த பழுப்பாக வரும். சில மணி நேரம் கையில் இருந்தால்தான் பிடிக்கும், சிவக்க ஒரு நாளாவது ஆகும். "பத்து நிமிடத்தில் கருகருவென்று பிடிக்கும்" என்று ஒரு கோனை நீட்டினால் தொடவே விடாதீர்கள். அதில் தலைச்சாய ரசாயனம் இருக்கலாம். அது பிள்ளைகளின் தோலில் கொப்புளம் போட்டு, தழும்பாகவே தங்கிவிடுவதுண்டு. இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குச் சுத்தமான மருதாணியும் ஆகாது. தோல் வழியாக உள்ளே போய் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கறுத்து, உடம்பு மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகலாம். குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது. அதனால் கைக்குழந்தைகளுக்கு வைக்கவே வேண்டாம். மற்ற பிள்ளைகளுக்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வைக்காதீர்கள். இவ்வளவையும் பார்த்துச் செய்ய ஆள் இல்லையென்றால் மருதாணியை விட்டுவிடுங்கள், சந்தைக்கு ஒரு குறையும் வராது.

கையச்சுக்கு அவர் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொண்டுவருவார். தண்ணீர் சேர்ந்து இறுகும்போது அது தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறும். உள்ளே கையை வைத்தபடி இறுக விட்டால் வெந்துவிடும். அதே அச்சைத் தட்டையாகத் தட்டிய களிமண்ணில் எடுத்தால் பயமே இல்லை.

உண்மையில் உங்களுக்குக் களிமண் ஒன்றே போதும். மானாமதுரை உங்களுக்குப் பக்கம்தான். அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அங்கிருந்து சக்கரத்தோடு ஒரு குயவரை நேரில் போய் அழையுங்கள், நடுவில் ஆள் வேண்டாம். தரகர் மூலம் போனால் நீங்கள் கொடுப்பது முழுவதும் அவர் கைக்குப் போய்ச் சேராது. ஒரு நாள் கூலி, மண்ணுக்கான விலை, வண்டி வாடகை, மதியச் சாப்பாடு எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. இலவசம் பிள்ளைகளுக்குத்தான், அவருக்கு அல்ல. மண்ணுக்கு எதற்குக் காசு என்று சங்கத்தில் யாராவது கேட்பார்கள். கண்மாயில் மண் அள்ள வட்டாட்சியர் அனுமதியே போதும் என்று 2024-இல் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள், நல்லதுதான். ஆனாலும் சொந்த ஊர்க் கண்மாய் மண்ணுக்கு ஒரு குயவர் மனு எழுதிவிட்டுக் காத்திருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அள்ளி, காயவைத்து, கல் பொறுக்கி, மிதித்துப் பதமாக்குவது வரை அத்தனையும் அவர் உழைப்பு.

பிள்ளைக்கு 200 கிராம் என்று கணக்கு வையுங்கள். நூறு பேருக்கு 20 கிலோ. உருண்டையாகப் பிடித்து ஈரச் சாக்கால் மூடி வைத்தால் மாலை வரை பதம் போகாது. ஒரு தடவைக்குப் பத்துப் பிள்ளைகள் போதும். சக்கரத்தில் மண் எழும்பும்போது அவர் தன் கைமேல் பிள்ளையின் கையை வைத்துக்கொள்வார். வழவழவென்று அந்த மண் விரலுக்கடியில் சுவராக உயர்வதை உணர்ந்த பிள்ளை, அப்புறம் இடத்தை விட்டு எழுந்திருக்காது. செய்ததைச் சூளையில் சுட்டுத் தருவதாக மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் தடிமனாகப் பிடிப்பார்கள், உள்ளே ஈரம் நின்றால் சூளையில் வெடித்துவிடும். நிழலில் காயவைத்து அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கை கழுவ இரண்டு வாளி வையுங்கள். வாஷ் பேசினில் கழுவ விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். வாளி அடியில் தங்கும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள், வண்டி ஏறும்போது குயவர் அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்.