சொந்தச் சதையில் மீண்டும் ஒரு மார்பு: வன்னிப் பெண்கள் கேட்டவை

நான் வைத்தியர் இல்லை. பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை வார்ட்டில் பல வருடம் தாதியாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறேன். புற்றுநோய்க்காக மார்பை எடுத்தவர்களுக்கு அவர்களுடைய சதையைக் கொண்டே மார்பை அமைப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

பரந்தன்: வயிற்றுச் சதையை வெட்டி நெஞ்சில் ஒட்டினால் அது அழுகிப் போகாதா?

வெறுமனே ஒட்டினால் அழுகும்தான் அக்கா. நாற்றை வேரோடு பிடுங்கி நடுகிறோமே, அப்படித்தான் இதுவும். தொப்புளுக்குக் கீழே உள்ள தோலையும் கொழுப்பையும் அதற்குரிய நாடி, நாளத்தோடு எடுத்து, நெஞ்செலும்போரம் விலாவுக்கு அடியில் ஓடும் இரத்தக் குழாய்களோடு தைப்பார்கள். குழாய் 2, 3 மில்லிமீற்றர்தான். நூல் தலைமயிரை விட மெல்லியது என்பதால் எல்லாம் நுணுக்குக்காட்டிக்குக் கீழேதான் நடக்கும். 6 முதல் 8 மணித்தியாலம் போகும். முதல் இரண்டு நாளும் மணிக்கொரு தடவை நிறத்தையும் சூட்டையும் பார்ப்போம். நீலம் பாய்ந்தால் நாளம் அடைத்துவிட்டது என்று அர்த்தம், உடனே திரும்பவும் தியேட்டர்தான். நூறு பேரில் ஒருவரிலிருந்து ஐந்து பேர் வரை அந்தச் சதை பிழைக்காமல் போவதும் உண்டு. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்து வைக்க வேண்டும்.

முன்பு வயிற்றுத் தசையையும் சேர்த்தே எடுத்தார்கள். பிறகு வயிறு தளர்ந்து குடலிறக்கம் வந்து அவதிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 1990களில் வந்த முறையில் தசை அதன் இடத்திலேயே இருக்கும்.

புதுக்குடியிருப்பு: 2009இல் வயிற்றில் ஷெல் பீஸ் பட்டு ஒப்பரேஷன் செய்தது. நடுவயிற்றில் நீளத் தழும்பு. ஒரு துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. எனக்குச் செய்ய முடியுமா?

தங்கச்சி, இந்தக் கேள்வியை வன்னியில்தான் கேட்பார்கள். வேறு இடத்துப் புத்தகங்கள் சிசேரியன் தழும்போடு நின்றுவிடும். அடிவயிற்றில் குறுக்கே போகும் சிசேரியன் தழும்பு பெரும்பாலும் தடையில்லை. நெடுக்குத் தழும்பு வேறு கதை. ஒரு பக்கக் குழாயின் இரத்தம் அந்தத் தழும்பைத் தாண்டி மற்றப் பக்கத்துக்குச் சரியாகப் போகாது. அதனால் பாதி வயிற்றை மட்டும் எடுப்பார்கள், அல்லது இரண்டு பாதியையும் தனித்தனிக் குழாய்களோடு எடுப்பார்கள். மார்பு சிறிதென்றால் பாதியே போதும்.

துண்டு போன வழியில் அந்தக் குழாயே அறுந்திருக்கலாம். மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனில் அது தெரியும். ஆனால் எம்.ஆர்.ஐ. என்று எழுதினால், உள்ளே இரும்பு இருக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்தக் காந்தம் துண்டை அசைத்துவிடக்கூடும். இடப்பெயர்வில் கிளினிக் காட் எல்லாம் தொலைந்தது என்று பேசாமல் இருக்க வேண்டாம், தழும்பைக் காட்டினால் போதும். ஒருவர் எங்களிடம் சிசேரியனை மட்டும் சொல்லியிருந்தார். உடுப்பு மாற்றும்போதுதான் இடுப்போரம் இன்னொரு தழும்பைக் கண்டேன். 'அது அந்த நேரத்துக் காயம் மிஸ், அதை ஏன் சொல்லுவான்' என்றார். அன்றைக்கு ஒப்பரேஷன் தள்ளிப்போனது.

விசுவமடு: வயல் வேலை, கிணற்றில் தண்ணீர் அள்ளுவது எல்லாம் நான்தான். வயிறா, முதுகா நல்லது?

முதுகுத் தசையை வெட்டி எடுக்காமல், குழாயோடு அக்குளுக்குக் கீழால் முன்னே கொண்டுவருவார்கள். 1906இலேயே இத்தாலியில் தான்சினி என்ற வைத்தியர் எழுதிய முறை. நேரம் குறைவு, பாதுகாப்பும் கூட. ஆனால் கயிறு இழுக்க உதவும் தசை அதுதான், இழுக்கும் பலம் கொஞ்சம் குறையும். முதுகில் நீர் கட்டுவதும் அடிக்கடி நடக்கும். வயிற்றில் எடுத்தால் ஆறு முதல் எட்டுக் கிழமை பாரம் தூக்கக் கூடாது. உங்களுக்கு நான் வயிற்றைத்தான் சொல்வேன், ஆனால் விதைப்பும் அறுவடையும் இல்லாத காலமாகப் பார்த்துத் திகதி கேளுங்கள்.

மாங்குளம்: மனைவி வெற்றிலையோடு புகையிலை போடுவார். சிகரெட் இல்லையே, பரவாயில்லையா?

இரண்டிலும் நிக்கோட்டின்தான் தம்பி. அது குழாயைச் சுருக்கும், தைத்த இடம் அடைபடும். குறைந்தது நான்கு கிழமைக்கு முன்பே நிறுத்த வேண்டும். அப்புறம், சீனி வருத்தம் இருந்தால் அதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

ஒட்டுசுட்டான்: கரண்ட் பிடித்து முடிந்து மூன்று மாதம். இப்போதே செய்யலாமா? யாரிடம் கேட்பது?

பொறுங்கள். கரண்ட், அதாவது கதிர்வீச்சு, பட்ட தோல் ஆற வேண்டும், பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை விடுவார்கள். தெல்லிப்பழையோ மகரகமவோ, நீங்கள் போகும் கிளினிக்கிலேயே பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். மார்புப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் தமொக்சிபென் குளிசை குடித்தால் அதைச் சொல்லுங்கள். இரத்தம் கட்டக்கூடும் என்பதால் ஒப்பரேஷனுக்கு முன் நிறுத்தச் சொல்லலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பூநகரி: உணர்ச்சி இருக்குமா?

பெரும்பாலும் மரத்துத்தான் இருக்கும், சிலருக்குக் காலப்போக்கில் கொஞ்சம் வரும். அதனால் புதிய மார்பில் ஒத்தணம் கொடுக்கவே வேண்டாம். சுடுவது தெரியாமல் வெந்துபோய் வந்தவர்களுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். இன்னொன்று, அது வயிற்றுக் கொழுப்பு. நீங்கள் உடம்பு வைத்தால் அதுவும் வைக்கும்!

முழங்காவில்: வயது 61. மகள்மார் செய்யச் சொல்கிறார்கள். எனக்கு விருப்பமில்லை.

அப்படியென்றால் செய்ய வேண்டாம் அக்கா. செய்தாலும் செய்யாவிட்டாலும் நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை. வெளியே போகும்போது வைக்க ஒரு துணிப்பை தைத்துப் பஞ்சை அடையுங்கள். பஞ்சு மட்டும் என்றால் மேலே ஏறி வரும், அடியில் கொஞ்சம் பாரம் வேண்டும். உள்ளாடையின் உட்பக்கம் ஒரு பொக்கற் வைத்துத் தைத்தால் நழுவாது.