கொழும்பில் தனியாக இருக்கும் அம்மா: வீட்டில் ஆள் வைப்பதா, முதியோர் இல்லமா?

அம்மா வெள்ளவத்தைத் தொடர்மாடியில் தனியே, பிள்ளைகள் எல்லோரும் ரொறன்ரோவில், இரண்டில் எது செலவு குறைவு என்று கேட்டிருக்கிறீர்கள். செலவைப் பிறகு பார்க்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்ட, கொழும்பில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

அப்படி ஒருவர் இருந்தால் வீடுதான் நல்லது. என் மாமியைக் கொட்டாஞ்சேனையில் ஆள் வைத்துத்தான் பார்த்தோம். விளக்கு வைப்பது, வெள்ளிக்கிழமைச் சமையல் என்று பழகிய ஒழுங்கு அவரை நெடுநாள் தெளிவாக வைத்திருந்தது. ஆனால் ஏஜென்சி அனுப்பிய பெண்ணுக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். மாமியும் ஒரு காலத்தில் நன்றாகச் சிங்களம் பேசியவர்தான். மறதி நோய் வந்ததும் பின்னாளில் படித்த மொழிதான் முதலில் போனது. எங்கே நோகிறது என்று சொல்ல முடியாமல் அவர் அழுததைப் பார்த்திருக்கிறேன். அதனால் தமிழ் பேசும் ஆள்தான் வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது இரவு. கழிவறைக்கு எழும்பும்போதுதான் விழுவார்கள். படுத்த படுக்கையாகிவிட்டால் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இரவும் பகலும் ஒருத்தியே அதைச் செய்ய முடியாது, அவளும் மனுஷிதானே. இரண்டு பேர் வைத்தால், வீடுதான் மலிவு என்ற கணக்கும் மாறிவிடும்.

கொழும்பில் ஒருவருமே இல்லை என்றால் நான் இல்லத்தைத்தான் சொல்வேன். கமராவை நம்ப வேண்டாம். இங்கே பகல் என்றால் உங்களுக்கு நடுச்சாமம். இல்லத்தில் பலர் கண்ணில் அம்மா படுவார்.

சரி, எந்த இல்லம்? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இல்லங்களுக்குப் பதிவைக் கேட்கிறது. அந்தப் பதிவை முதலில் பாருங்கள். இராச்சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போங்கள். இரவில் எத்தனை பேர் கடமையில் இருக்கிறார்கள், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வந்தால் கூட ஏறிப் போவது யார் என்று கேளுங்கள். இன்னொன்று, நடமாட்டம் நின்றாலோ மறதி முற்றினாலோ வைத்திருப்பார்களா என்பதை முற்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். சில இடங்களில் அப்போதுதான் கூட்டிப் போகச் சொல்கிறார்கள்.

அம்மாவிடமும் கேளுங்கள். நீங்கள் விடுமுறைக்கு வந்து நிற்கும்போது ஒரு மாதம் தங்கிப் பார்க்கட்டும். அதுவரை வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட வேண்டாம்.