எகிப்தில் மழையே கிடையாது, நமக்கு மழை பெய்தும் ஏன் தவிக்கிறோம்?

கேள்வி இதுதான்: நன்னீர் வளத்தில் இந்தியாவையும் எகிப்தையும் ஒப்பிட்டால் யார் நிலை மேல்? பாலைவன நாடான எகிப்து விவசாயம் செய்து சமாளிக்கும்போது, இந்தியாவில் ஏன் கோடைக்குக் கோடை குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்?

கணக்குப்படி இந்தியாதான் மேல். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொல்லும் கணக்கில், தண்ணீர் எப்போது வருகிறது, வந்ததை எங்கே தேக்கி வைக்கிறோம் என்ற இரண்டும் தெரியாது. தவிப்பும் சமாளிப்பும் அந்த இரண்டில்தான் இருக்கின்றன. நான் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் என்பதால் திருநெல்வேலிச் சீமையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். எகிப்தின் ஆண்டு சராசரி மழை 18 மில்லிமீட்டர். 2023 டிசம்பரில் நம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அது எகிப்தின் சராசரிக்கு ஐம்பது வருஷத்து மழை. அவர்களுக்கு இருப்பதெல்லாம் நைல் ஒன்றுதான். அதிலும் 97 சதவீதத் தண்ணீர் எல்லைக்கு வெளியே இருந்து வருகிறது. 1959ல் சூடானோடு போட்ட ஒப்பந்தப்படி எகிப்தின் பங்கு ஆண்டுக்கு 5,550 கோடி கன மீட்டர். நமக்குப் பழகிய அளவில் சொன்னால் ஏறக்குறைய 1,960 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). காவிரியில் 2018 தீர்ப்பின்படி தமிழ்நாட்டுக்கு வர வேண்டியது 177.25 டிஎம்சி, அதைப் போலப் பதினோரு மடங்கு. ஆனால் அதை நம்பிப் பத்தரைக் கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். வகுத்தால் தலைக்குச் சுமார் 500 கன மீட்டர். இந்தியாவுக்கு 2021ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் கணக்கு 1,486 கன மீட்டர். 1,700க்குக் கீழே போனால் நெருக்கடி, 1,000க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்பது உலக அளவில் பயன்படுத்தும் வரையறை. அதன்படி நாம் நெருக்கடியில் இருக்கிறோம், அவர்கள் கடும் பற்றாக்குறையில்.

இந்த 1,486ஐ நான் நம்பி உட்கார மாட்டேன். இந்திய ஆறுகளில் ஓடும் தண்ணீரில் ஏறக்குறைய 60 சதவீதம் கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா படுகையில் இருக்கிறது. ஆந்திரத்துப் பெண்ணாற்றுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே, காவிரி நீங்கலாகக் கிழக்கே பாயும் ஆறுகள் அத்தனையையும் (பாலாறு, வைகை, தாமிரபரணி எல்லாம் இதில் அடக்கம்) சேர்த்தாலும் நாட்டின் மொத்தத்தில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் வரும். அசாமில் ஓடும் வெள்ளத்தை என் ஊர்க்காரர் தலையில் வகுத்துக் காட்டி என்ன பிரயோஜனம்? தமிழ்நாட்டை மட்டும் தனியே எடுத்தால் தலைக்கு 750 கன மீட்டர் அளவில்தான் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நாமும் எகிப்து இருக்கும் வரிசைக்கே போய்விடுகிறோம்.

சரி, தேக்கத்துக்கு வருவோம். 1970ல் கட்டி முடித்த அஸ்வான் உயர் அணைக்குப் பின்னால் இருக்கும் நாசர் ஏரியின் கொள்ளளவு 5,700 டிஎம்சிக்கு மேல். மேட்டூர் அணை 93.47 டிஎம்சி, அப்படி அறுபது மேட்டூர் ஒரே இடத்தில். இந்தியாவின் பெரிய அணைகள் எல்லாவற்றையும் கூட்டினாலே 9,100 டிஎம்சிக்குக் கிட்டத்தான் வருகிறது. அதை 140 கோடிப் பேருக்கு வகுத்தால், தலைக்கு நாம் தேக்கி வைப்பதைப் போல எட்டு மடங்கு எகிப்து தேக்கி வைத்திருக்கிறது. 1980களில் எத்தியோப்பியாவில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது எகிப்தைக் காப்பாற்றியது அந்த ஏரிதான். கடும் வெயிலில் வருஷத்துக்கு அதன் தண்ணீரில் 350 டிஎம்சி அளவுக்கு ஆவியாகிப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் அவர்களுக்கு இந்த வருஷ மழையும் இந்த வருஷச் சாகுபடியும் ஒன்றையொன்று நம்பி இல்லை. நமக்கு அப்படியா? பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் இரண்டும் நிரம்பினால் ஆளுக்கு ஐந்தரை டிஎம்சி. ஒரு பருவம் தவறினாலே கார் போக நெல் சாகுபடி கேள்விக்குறி.

எங்கள் சீமைக்குள்ளேயே இரண்டு நாடு இருக்கிறது. ஒன்று ஆற்றுப் பாசன நாடு: கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு, 86,107 ஏக்கர் பாசனம், காரும் பிசானமும் என்று இரண்டு போகம் நெல். சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் என் தாய்மாமாவுக்கு வயல் உண்டு. முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் ராத்திரி டார்ச்சோடு வரப்பில் போய் மடையை வெட்டிவிடுவார். பாய்ந்ததும் வாழைச் சருகையும் சேற்றையும் வைத்து மிதித்து அடைப்பார். விடியும் முன் அடைக்காவிட்டால் கீழ்வயல்காரருக்குத் தண்ணீர் ஏறாது. நைல் டெல்டாவிலும் கால்வாய்களுக்கு முறை உண்டு. அங்கே கால்வாய் வயலை விடத் தாழ்ந்து கிடப்பதால் பம்பு வைத்து மேலே ஏற்றுகிறார்கள். மாமாவைக் கூட்டிப்போய் அங்கே விட்டால் ஒரே நாளில் பழகிக்கொள்வார்.

இன்னொன்று ராதாபுரம், திசையன்விளைப் பக்கம். தேரி மண் (செம்மணல்), மானாவாரி, கடலோரம். அத்தை வீட்டுக் கிணறு ஒரு காலத்தில் மாடு கட்டி இறைக்கும் கமலை ஓடிய கிணறு. இப்போது அதன் அடியில் போர் போட்டு, அதிலும் தண்ணீர் இறங்கிவிட்டது. வருவதும் சப்புத் தண்ணீர். சோறு வடிக்கும் பானையின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு படை ஏறியிருக்கும், புளி போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. குடிக்கக் கேன் தண்ணீர். இந்தியா தவிப்பது ஏன் என்று கேட்டவர் இந்தக் கிணற்றைப் பார்க்க வேண்டும். உலகத்திலேயே நிலத்தடி நீரை அதிகம் உறிஞ்சும் நாடு நாம்தான். உலகம் எடுப்பதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் பாசனத்துக்குப் போகிறது. எகிப்தில் அஸ்வானில் திறந்தால்தான் தண்ணீர், அதனால் அளந்து விட முடிகிறது. நம் நாட்டில் அவரவர் தோட்டத்தில் ஒரு மோட்டார், அளவு மீட்டர் கிடையாது. போர் போட்டவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துக் குளம் பெருகியிருந்தால் அவர் ஏன் அடியில் போகிறார்?

பயன்பாட்டில் எகிப்திடம் நாம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் ஆண்டுக்கு எடுத்துப் பயன்படுத்தும் தண்ணீர் நைல் பங்கை விடக் கூடுதல், 7,750 கோடி கன மீட்டர். வயலில் பாய்ந்து வடிந்த தண்ணீரைத் திரும்பப் பிடித்து மறுபடி பாய்ச்சுகிறார்கள். அப்படித்தான் கணக்கு ஒப்பேறுகிறது. நெல் போடுகிறார்களே என்று சிலர் குறை சொல்வார்கள். வடக்கு டெல்டாவில் கடல் உப்பு மண்ணுக்குள் ஏறாமல் இருக்கவும் நெல் வயலில் நிற்கும் தண்ணீர் உதவுகிறது. ஆத்தூர், புன்னைக்காயல் பக்கம் உப்பு ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கோதுமையை அவர்கள் பெருமளவில் வெளியே வாங்குகிறார்கள், அதாவது அந்தத் தண்ணீரையும் சேர்த்து வாங்குகிறார்கள். அப்புறம் 2025 செப்டம்பரில் எத்தியோப்பியா நீல நைலில் தன் பெரிய அணையைத் திறந்துவிட்டது. கொள்ளளவு 7,400 கோடி கன மீட்டர். எகிப்தின் ஒரு வருஷப் பங்கை விட அதிகம். அவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

நமக்கு அஸ்வான் மாதிரி ஒன்று கட்ட இடமும் கிடையாது, ஆறும் கிடையாது. நம் முன்னோர் அதற்குப் பதிலாகத்தான் ஊருக்கு ஊர் குளம் வெட்டி, ஒன்று நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்ததற்குப் போகிற மாதிரி கோர்த்து வைத்தார்கள். பருவம் கொட்டும் சில வாரங்களில் பிடித்து, கிணறுகளுக்கும் ஊற விடும் ஏற்பாடு அது. இன்று பாதிக் குளத்தில் அமலைச் செடி (ஆகாயத்தாமரை). அடியில் தூர், கரையில் கருவேலம். திருநெல்வேலிப் புதிய பேருந்து நிலையம் இருக்கும் இடத்தின் பெயரே வேய்ந்தான்குளம். பாளையங்கால்வாயில் நெல்லுக்குப் போக வேண்டிய தண்ணீரோடு வீட்டுச் சாக்கடை கலந்து ஓடுகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றோரக் குளங்கள் பல உடைந்தன. அவ்வளவு தண்ணீரும் கடலுக்குப் போனது. அடுத்து வந்த கோடையில் அத்தை வீட்டில் அதே கேன்.

தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக் கால்வாய் 2009ல் தொடங்கி, 2023ல்தான் சோதனை ஓட்டமாகத் தண்ணீர் விட்டார்கள். கன்னடியன் கால்வாயில் பிரிந்து எம்.எல்.தேரி வரை, வெள்ளக் காலத்து உபரி நீரை வறண்ட பக்கம் கொண்டுபோகும் திட்டம். நான் ரொம்ப எதிர்பார்க்கும் திட்டம் இது. ஆனால் வெள்ளம் வருவது சில நாட்கள்தான். கால்வாய் போய்ச் சேரும் குளங்களையும் அவற்றின் வரத்துக்கால்களையும் அதற்கு முன்பே தூர்வாரி, கரையை உயர்த்தி, மடைகளைச் சரிசெய்து வைத்திருந்தால்தான் அந்தச் சில நாட்களில் பிடிக்க முடியும். ராதாபுரம் பக்கத்து விவசாயிகள் கேட்பதும் அதைத்தான்.