விரதமா, உண்ணல் கோளாறா? வாசகர் கேள்விகளுக்கு உளநல வைத்தியர் பதில்

உயர்தரம் படிக்கும் மகள் வெள்ளிக்கிழமை விரதத்தில் தொடங்கினாள். இப்போது கிழமையில் ஐந்து நாள் விரதம், மெலிந்துகொண்டே போகிறாள். கேட்டால் சாமி காரியம் என்று வாயை அடைத்துவிடுகிறாள்.
(தாய், கிளிநொச்சி)

விரதத்துக்கு முடிவு உண்டு. கந்தசஷ்டி ஆறு நாள், பிறகு பாறணை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நோற்பவரும் பொங்கல் முடிந்தபின் சோற்றைத் தள்ளுவதில்லை. பாறணை நாளிலும் மகள் தட்டை ஒதுக்கினால் வைத்தியரிடம் அழைத்து வாருங்கள். "தான் பருமன் என்று அவள் சொல்வதில்லையே" என்று தேற வேண்டாம். ஹொங்கொங்கில் 1990களில் ஆராயப்பட்ட அனோரெக்சியா (உணவை ஒதுக்கி ஆபத்தாக மெலியும் உண்ணல் கோளாறு) நோயாளர் பலர் பருமனைப் பற்றிப் பேசவே இல்லை. வயிறு ஊதுகிறது, பசியில்லை என்றே சொன்னார்கள். மாதவிடாய் ஒழுங்காக வருவதும் உத்தரவாதமன்று. மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2013இல் வந்த அமெரிக்க நோய் வகைப்பாடு எடுத்துவிட்டது. இன்னொன்று: நெடுநாள் பட்டினி கிடந்தவளுக்கு வீட்டில் ஒரேயடியாக ஊட்டித் தள்ளாதீர்கள். அப்படி ஊட்டும்போது இரத்தத்தில் பொஸ்பேற்று என்ற உப்பு சரிந்தால் இதயத்துக்கே ஆபத்து. வைத்தியசாலையில் படிப்படியாகத்தான் கூட்டுவார்கள்.

உண்ணல் கோளாறு இருக்கலாமா என்று பார்க்கும் ஸ்கொஃப் வினாத்தாளைத் தமிழாக்கிப் பாடசாலையில் எல்லோருக்கும் கொடுக்கலாமா?
(உளவளத்துணையாளர், புதுக்குடியிருப்பு)

கொடுக்கலாம், அதை நம்பி முடிவு எழுதாவிட்டால். 1999இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஐந்து கேள்விகள் அவை. இரண்டுக்கு "ஆம்" வந்தால் விரிவாக விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். "மூன்று மாதத்தில் ஒரு ஸ்டோன் குறைந்ததா" என்று ஒரு கேள்வி. ஆறு கிலோவுக்கு மேல்! நாற்பது கிலோ பிள்ளை அவ்வளவு இழக்கும்வரை நாம் காத்திருக்க முடியுமா? "உணவுதான் உங்கள் வாழ்வை ஆள்கிறதா" என்பது இன்னொன்று. 2022இல் அரிசி விலை ஏறியபோது வன்னியில் எத்தனை வீடுகள் அதற்கு ஆம் என்றிருக்கும்! ஆகவே என் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: வீட்டில் சாப்பாடு இருக்கிறதா? அடுத்து, நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டாய்? வாந்தி, பேதி மாத்திரை, களைத்து விழும்வரை உடற்பயிற்சி, இவற்றைத் தனியாக வைத்து, நேராகக் கேளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணத்தையும் கேட்காமல் விடாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது.

2009இல் இறுதிப் போரில் கஞ்சியோடு உயிர் தப்பிய அம்மா இன்றும் அலுமாரியில் பிஸ்கட்டும் அரிசியும் ஒளித்து வைக்கிறார், அவசர அவசரமாகச் சாப்பிடுகிறார். இது நோயா?
(மகன், முள்ளியவளை)

பெரும்பாலும் இல்லை. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டைத் தவிர வேறு நினைவே இல்லாமல் போனார்கள்; பட்டினி முடிந்த பிறகும் சிலர் அளவு தெரியாமல் தின்றார்கள். அவர்களுக்கு முன்பு எந்த மனநோயும் இருந்ததில்லை. அம்மா நிறுத்த முடியாமல் ஒரே மூச்சில் பெருமளவு தின்று, பிறகு வெட்கப்பட்டு ஒளிகிறாரா? கிழமைக்கு ஒரு தடவையாவது, மூன்று மாதமாக அப்படி என்றால் கூட்டி வாருங்கள். அலுமாரியை மட்டும் காலி செய்துவிடாதீர்கள்.

தங்கை சாப்பிட்டதும் கழிப்பறைக்கு ஓடுகிறாள். ஆனால் எடை சரியாகத்தான் இருக்கிறது.
(அக்கா, மாங்குளம்)

புலிமியாவில் (அளவின்றித் தின்றுவிட்டு, வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுகட்டப் பார்க்கும் கோளாறு) எடை பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். விரல் முட்டியில் தழும்பு, காதடியில் வீக்கம், பல் தேய்வு உண்டா என்று பாருங்கள். எவையும் இல்லாவிட்டாலும் இரத்தத்தில் பொட்டாசியமும் இ.சி.ஜி.யும் பார்க்க வேண்டும். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் கிளினிக் நாள்வரை பொறுக்காமல் அன்றே வைத்தியசாலைக்கு.