பழைய ஜெர்மன் மரச்சாமான்களை வைத்து வீட்டை எளிமையாக அழகுபடுத்துவது எப்படி?

நீங்கள் வாடகை வீட்டில் இருப்பவர், கையில் அளவான பணம்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஜெர்மனியில் 11 வருடமாக என் நிலைமையும் அதுதான்.

பீடர்மையர் பாணியைத் தேடுங்கள். 1815 முதல் 1848 வரை நடுத்தரக் குடும்பங்கள் விரும்பி வாங்கிய பாணி. செதுக்கல் குறைவு. செர்ரி, வால்நட், பிர்ச் மரத்தை மெல்லிய தகடாக அறுத்து மேலே ஒட்டி, மர ரேகையையே அழகாக விட்டிருப்பார்கள். ஓர் அறைக்கு ஒன்று போதும். சுற்றிலும் சுவர் வெறுமையாக இருந்தால்தான் அந்த ரேகை கண்ணில் படும்.

ஒரு முதியவர் இறந்தபின் அவர் வீட்டைக் காலி செய்தபோது, மூன்று இழுப்பறை கொண்ட செர்ரி மர கொமோடே (துணி வைக்கும் தாழ்வான அலமாரி) ஒன்றை 180 யூரோவுக்கு வாங்கினேன். இழுப்பறையை உருவிப் பார்த்தேன்; மூலையில் இரு பலகைகளைப் பல்லுக்குள் பல்லாகக் கோத்திருக்கும் புறாவால் மூட்டின் பற்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. கையால் அறுத்தது. அன்று இரவு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது சூடான காபி டம்ளரை அதன்மேல் வைத்துவிட்டார். வெள்ளை வளையம். அம்மாவைக் குறை சொல்லவில்லை, நான்தான் சொல்லி வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து மெருகு, அரக்கை எரிசாராயத்தில் (ஸ்பிரிட்) கரைத்துத் துணிப்பொட்டலத்தால் அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றியது. அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் ஐரோப்பாவுக்குப் போனது. அதற்குச் சூடும் ஈரமும் ஆகாது.

பழுது பார்க்கிறேன் என்ற ஒருவரிடம் கொடுத்தேன். இயந்திரத்தால் தேய்த்து, ஓரங்களில் செர்ரித் தகடு கிழிந்து அடிமரம் தெரியும்வரை கொண்டுபோய், மேலே பிளாஸ்டிக் போல வார்னிஷ் அடித்துத் தந்தார். 340 யூரோ! எரிசாராயம் லேசாகத் தொட்ட துணியால் பட்டும் படாமல் தடவினாலே அப்படிப்பட்ட வளையம் பெரும்பாலும் மறைந்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது. தயவுசெய்து உப்புத்தாள் எடுத்து வருபவரிடம் கொடுக்காதீர்கள். ஹீட்டர் பக்கத்திலும் வைக்காதீர்கள், தகடு வெடிக்கும்.

“செத்தவர் சாமான் வீட்டுக்கு ஆகாது”, “நம்ம தேக்கு இருக்க வெள்ளைக்காரன் மரம் எதற்கு” என்று பின்னூட்டம் வரும். தேக்கை நான் குறைத்துச் சொல்லவே இல்லை. தாத்தா வீட்டு ஊஞ்சல் பலகை தேக்குதான், நான் படுத்துத் தூங்கிய பலகை. எத்தனை செலவானாலும் கப்பலில் வரவழைத்திருப்பேன். வீட்டை விற்றபோது அண்ணன் அதையும் பழைய மரக்காரரிடம் போட்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.